இரண்டாவது வண்டியே மேல்

கண்ணாடிக்காரருக்கு யாரையும் சட்டென்று நம்பும் வழக்கம் கிடையாது. முப்பத்தொரு வருடமாகக் கண் பரிசோதித்துக் கண்ணாடி போட்டுக் கொடுப்பவர். ஆளை நாற்காலியில் உட்காரவைத்து, மூக்கின் மேல் கனமான சோதனைச் சட்டத்தை மாட்டி, ஒரு லென்ஸைச் செருகி "இதுல நல்லா தெரியுதா?" என்பார். அதை எடுத்துவிட்டு வேறொன்றைச் செருகி "இல்ல, இதுலயா?" என்பார். நாலைந்து முறை இப்படி மாற்றிய பிறகு, நடுவில் ஒரு தடவை, எடுத்த லென்ஸையே துடைத்துத் திரும்பவும் செருகுவார். பத்தில் எட்டுப் பேர் "ஆங், இது இன்னும் தெளிவா இருக்கு சார்" என்பார்கள். உடனே சட்டத்தைக் கழற்றி, ஒரு டம்ளர் தண்ணீர் கொடுத்து, சோதனையை முதலிலிருந்து ஆரம்பிப்பார். அவர்கள் பொய் சொல்வதாக அவர் நினைப்பதில்லை. மனுஷனுக்கு இரண்டாவது என்று ஒன்றைக் காட்டினால் அதுதான் மேல் என்று சொல்ல நாக்குத் துடிக்கும், அவ்வளவுதான். "ரெண்டும் ஒண்ணா இருந்தா ஒண்ணுன்னே சொல்லுங்க, தப்பில்ல" என்று ஒரு நாளைக்கு இருபது தடவையாவது அவர் கடையில் கேட்கும்.

இப்பேர்ப்பட்ட ஆள்தான் ஒரு நாள் வண்டி வாங்கக் கிளம்பினார்.

வண்டி அவருக்காக இல்லை, மனைவிக்காக. இருபத்தாறு வருடம் தேர்வு அறைகளில் கண்காணிப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவர் என்பதால் அந்த அம்மாளைத் தெருவே சூப்பர்வைசரம்மா என்றுதான் கூப்பிடும். எட்டு மாதத்துக்கு முன் படியில் தவறி விழுந்து, இடுப்பு மூட்டையே மாற்றும்படி ஆகிவிட்டது. இப்போது கைத்தடியோடு நடக்கிறார். மெதுவாகப் படியும் ஏறுகிறார். ஆனால் எங்கே உட்கார்ந்தாலும் இடுப்பு முழங்காலை விடத் தாழ்ந்துவிடக் கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். வீட்டில் இருந்த பழைய காரோ தரையோடு தரையாக ஓடுகிற ரகம். ஆஸ்பத்திரிக்குப் போகும்போதெல்லாம் இரண்டு பேர் அவரைப் பிடித்து அதற்குள் இறக்கினார்கள். மூன்றாவது முறை இறக்கிய அன்று சூப்பர்வைசரம்மா முடிவெடுத்துவிட்டார்.

"ரெண்டு பேர் பிடிச்சு உள்ள இறக்க நான் என்ன பீரோவா? இனிமே யாரும் என்னைத் தூக்க வேணாம். நானா ஏறி உட்கார்ற மாதிரி வண்டி வந்தா வெளிய வர்றேன். இல்லைனா வீட்லயே கிடக்கேன்."

சொன்னபடியே கிடந்தார். சனிக்கிழமைதோறும் பழைய சக ஊழியர்கள் நாலு பேர் சேர்ந்து சீட்டாடும் வீடு ஆறு கிலோமீட்டர் தள்ளி இருந்தது. அவர் இடத்தில் இப்போது வேறொருத்தி உட்கார்ந்து ஆடுகிறாள், அதுவும் தப்புத் தப்பாக ஆடுகிறாள் என்று வாராவாரம் போனில் தகவல் வரும். சனிக்கிழமை மாலைகளில் சூப்பர்வைசரம்மா ஜன்னலோரம் உட்கார்ந்து ஒரு கட்டுச் சீட்டைத் தனியாகக் கலைத்துக் கலைத்து அடுக்குவார்.

கொஞ்சம் உயரமான சின்ன எஸ்யூவி வண்டி இருந்தால் போதும் என்று எல்லோரும் சொன்னார்கள். அந்த ஊரில் அப்படி இரண்டே கம்பெனி வண்டிகள்தான் கிடைத்தன. இரண்டு கம்பெனிகளும் ஒன்றையொன்று பழித்துப் பழித்துக் கடைசியில் களைத்துப்போய், கூட்டாகச் சேர்ந்து ஓர் ஒப்பீட்டு மையத்தைத் திறந்திருந்தன. வாங்க வருகிறவர் அங்கே போய் இரண்டையும் அடுத்தடுத்து ஓட்டிப் பார்த்து, எது மேல் என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். அந்தச் சான்றிதழ் இல்லாமல் எந்தக் கடையும் வண்டியின் சாவியைக் கண்ணில்கூடக் காட்டாது.

"எனக்கென்னவோ இதுல ஏதோ இருக்குன்னு தோணுது" என்றார் கண்ணாடிக்காரர்.

"உங்களுக்குப் பால் பாக்கெட்லயும் ஏதோ இருக்குன்னுதான் தோணும்" என்றார் சூப்பர்வைசரம்மா. ஆனாலும் கிளம்புவதற்கு முன்னால் தன் கைத்தடியை எடுத்து, விடைத்தாள் திருத்துகிற சிவப்பு மையால் அதில் ஒரு கோடு போட்டார். "சீட்டு இந்தக் கோட்டுக்குக் கீழ இருந்தா எனக்கு ஆகாது. வேற எந்த வித்தியாசமும் எனக்கு வேணாம்." பிறகு பழைய காரில் இரண்டு தலையணையைப் போடச் சொல்லி, யார் கையையும் பிடிக்காமல், பல்லைக் கடித்துக்கொண்டு தானே ஏறினார். நாலு நிமிஷம் ஆயிற்று. தலை கூரையில் முட்டியது.

"இது ஒரே ஒரு தடவைதான்" என்றார் வேர்வையைத் துடைத்தபடி.

மையத்தில் எல்லாமே இரண்டிரண்டாக இருந்தன. இரண்டு கம்பெனிக்கும் மனக்குறை வரக் கூடாதாம். சுவரில் இரண்டு கடிகாரம், இரண்டிலும் ஒரே நேரம். வரவேற்பில் இரண்டு தண்ணீர் ஜாடி. கண்ணாடிக்காரர் ஒன்றிலிருந்து ஒரு டம்ளர் குடித்ததும், மேசைக்குப் பின்னாலிருந்த வரவேற்பம்மா எழுந்து மற்றதிலிருந்தும் ஒரு டம்ளர் ஊற்றி, அவர் குடித்து முடிக்கும்வரை நின்று பார்த்தார்.

"எதுக்கு வந்தீங்க சார்?"

"வண்டி பார்க்கணும்."

"பார்க்கக் கூடாது சார். ஒப்பிடணும்."

"சரி, ஒப்பிடறேன். என் வீட்டம்மா வெளிய கார்ல இருக்காங்க. இடுப்பு ஆபரேஷன் ஆனவங்க. ரெண்டு வண்டியிலயும் ஒரு தடவை உட்கார்ந்து பார்த்தா போதும். அஞ்சு நிமிஷ வேலை."

வரவேற்பம்மா பரிதாபமாகப் பார்த்தார். "உட்கார்றது ஒப்பீட்டுல கிடையாது சார். இருநூத்திப் பன்னெண்டு அம்சம் இருக்கு, எதுலயும் அது வரல."

பதினாலு பக்கப் படிவத்தை நீட்டினார். கண்ணாடிக்காரர் ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினார். டம்ளர் வைக்கும் குழியைப் பற்றிப் பத்தொன்பது கேள்விகள் இருந்தன. கதவு மூடும்போது எழும் சத்தம் கம்பீரமா, கண்ணியமா என்று கேட்டிருந்தார்கள். ஹாரனின் அடக்கத்துக்குப் பத்துக்கு எத்தனை மதிப்பெண் என்று கேட்டிருந்தார்கள். இந்த இரண்டு வண்டிகளில் ஏதேனும் ஒன்றைத் தெருவில் கண்டு பெருமூச்சு விட்டதுண்டா, உண்டென்றால் எத்தனை முறை என்றும் இருந்தது. சீட்டின் உயரம் எங்கேயும் இல்லை. அவர் சட்டைப்பையிலிருந்து அளவு நாடாவை எடுத்தார். வரவேற்பம்மா அதைப் பிடுங்காத குறையாக வாங்கி ஒரு பெட்டியில் போட்டுப் பூட்டினார்.

"அளந்து பார்த்தா ஒரு பக்கமா சாய்ஞ்சிடுவீங்க சார். இங்க யாரும் அளக்கறதில்ல."

அடுத்து உறுதிமொழி. ஒரு மேசையில் இரண்டு உள்ளங்கையையும் ஒரே அழுத்தத்தில் பதித்து நிற்க வேண்டும். சாம்பல் கோட்டுப் போட்ட நடுநிலை அதிகாரி ஒருவர் எதிரில் நின்று ஒவ்வொரு வரியாகச் சொன்னார். கண்ணாடிக்காரர் திருப்பிச் சொன்னார். முதலாவது வண்டியை அது முதலில் வந்த காரணத்தால் நேசிக்க மாட்டேன். இரண்டாவது வண்டிக்கு அது காத்திருந்த காரணத்தால் இரங்க மாட்டேன். மேசையில் ஏதோ அளவுமானி இருந்தது போலிருக்கிறது, ஒரு சிவப்பு விளக்கு எரிந்தது. "இடது கை லேசா அழுத்தமா இருக்கு சார், மறுபடியும்" என்றார் அதிகாரி. மூன்றாவது முறைதான் தேறினார்.

முதல் வண்டி பின்முற்றத்தில் நின்றது. எந்தக் கம்பெனி என்று தெரியாதபடி முன்பக்கம், பின்பக்கம், ஸ்டியரிங்கின் நடுவில் எல்லாம் சாம்பல் துணியால் மூடியிருந்தார்கள். கதவில் 'முதலாவது' என்று ஒரு பெரிய ஸ்டிக்கர். நடுநிலை அதிகாரி பின்சீட்டில் ஒரு கைமணியோடு ஏறிக்கொண்டார்.

"ஓட்டும்போது நல்லா இருக்குன்னோ இல்லைன்னோ வாயைத் திறக்கக் கூடாது. உணர்ச்சி ஏதாவது வந்தா நம்பர்ல சொல்லுங்க. வார்த்தையில சொன்னா மணி அடிப்பேன்."

மையத்தைச் சுற்றித் தொள்ளாயிரம் மீட்டர் சாலை. பள்ளம் கிடையாது, மேடு கிடையாது, எதிரே ஒரு மாடோ மனிதனோ கிடையாது. இருபது கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டக் கூடாது. இந்த வேகத்தில் இந்தச் சாலையில் கட்டில்கூட நன்றாகத்தான் ஓடும் என்று கண்ணாடிக்காரர் நினைத்தார். ஆனால் உட்கார்ந்தபோதே ஒன்று தெரிந்துவிட்டது. சீட்டு நல்ல உயரம். கால் தானாகக் கீழே தொங்கியது. அவருக்கு நெஞ்சு குளிர்ந்தது. "ஆகா" என்றார்.

மணி அடித்தது.

"ஏழு" என்று திருத்திக்கொண்டார்.

ஒரு சுற்று முடிந்ததும் வழக்கம்போல மூக்குக்கண்ணாடியைக் கழற்றி, கடை முத்திரை போட்ட மஞ்சள் துணியால் துடைத்தார். இறங்குங்க, இறங்குங்க என்று அதிகாரி மணியடித்து அவசரப்படுத்தவே, துணியைக் கதவுப் பொந்தில் செருகியபடியே இறங்கிவிட்டார்.

இறங்கியதும் நேராக மறதி அறைக்குக் கூட்டிப்போனார்கள். மையத்திலேயே அந்த ஓர் அறைதான் இரண்டாக இல்லாமல் ஒன்றாக இருந்தது. வருகிறவர்கள் எல்லோரும் அந்த ஒரே அறை வழியாகத்தான் அடுத்த வண்டிக்குப் போயாக வேண்டும். சுவர், கூரை, திரை எல்லாம் ஒரே சாம்பல் நிறம். நடுவில் ஒரு மேசை. சுற்றிலும் நாலைந்து உயரமான, மெத்தென்ற நாற்காலிகள். சுவரில் ஓர் அறிவிப்பு: 'முதல் வண்டி நினைவில் உள்ளவரை எவரும் இங்கிருந்து அனுப்பப்பட மாட்டார்.'

மறதி அதிகாரி என்பவர் சாந்தமான முகத்தோடு எதிரில் உட்கார்ந்தார். "முதல் வண்டி ஞாபகம் இருக்கா சார்?"

"இப்பதானே எறங்கினேன்? இருக்கு."

"அப்போ இன்னும் அஞ்சு நிமிஷம்."

ஐந்து நிமிஷம் கழித்து மறுபடியும் கேட்டார். இருக்கு என்றதும் மறுபடியும் ஐந்து நிமிஷம்.

"மறந்துட்டா எப்படிங்க ஒப்பிடறது?" என்றார் கண்ணாடிக்காரர்.

இந்தக் கேள்விக்காகவே வேலையில் சேர்ந்தவர் போல மறதி அதிகாரி நிமிர்ந்து உட்கார்ந்தார். "மறந்தாதான் சார் நியாயமா ஒப்பிட முடியும். ஞாபகம் இருந்தா முதல் வண்டியைப் பத்தி ஒரு அபிப்பிராயம் இருக்கும். ஏற்கெனவே ஒரு அபிப்பிராயம் இருக்கறவர்கிட்ட போய் நாங்க எப்படி சார் அபிப்பிராயம் கேக்கறது? அது தர்மமா? நான் இங்க பதினோரு வருஷமா இருக்கேன். எனக்கு எந்த வண்டியும் ஞாபகம் இல்ல. என் சொந்த வண்டியை எங்க நிறுத்தினேன்னு சாயங்காலம் வாட்ச்மேன்தான் காட்டுவார்."

கண்ணாடிக்காரர் மூக்குக்கண்ணாடியைத் துடைக்கத் துணியைத் தேடினார். பையில் இல்லை. முதல் வண்டியில் விட்டது நினைவுக்கு வந்தது. அந்த நேரம் பார்த்து போன் அடித்தது. "பேசுங்க சார், மறக்க உதவும்" என்று அதிகாரி பெருந்தன்மையாகக் கைகாட்டினார்.

"ஏங்க, என்ன பண்றீங்க?" என்றார் சூப்பர்வைசரம்மா.

"மறக்கச் சொல்லியிருக்காங்க. மறந்துட்டிருக்கேன்."

"நான் சொல்றதை மட்டும் மறக்காம கேளுங்க. நீங்க ஓட்டின வண்டி இங்க பின்கேட்டுப் பக்கம் நிக்குது. ரெண்டு பேர் வந்து கதவுல இருந்த ஸ்டிக்கரை உரிச்சிட்டு வேற ஒண்ணை ஒட்டறாங்க. 'இரண்டாவது'ன்னு போட்டிருக்கு."

"சரியா பாத்தியா?"

"இருபத்தாறு வருஷம் பிட்டு அடிக்கறவனைப் பிடிச்சவ நான். எனக்குக் கண்ணு கிழக்கயும் மேற்கயும் தெரியும். ஒருத்தன் ஒட்டறான், ஒருத்தன் யாராவது வர்றாங்களான்னு பாக்கறான். அந்த ரெண்டாவது ஆள் முழியே சரியில்ல."

கண்ணாடிக்காரர் போனை வைத்தார். அவர் முகத்தில் வந்த மாறுதலை அதிகாரி வேறு விதமாகப் புரிந்துகொண்டார்.

"முதல் வண்டி ஞாபகம் இருக்கா சார்?"

"எந்த வண்டி?" என்றார் கண்ணாடிக்காரர்.

மறதி அதிகாரி மனம் நிறைந்து முத்திரை குத்தினார்.

இரண்டாவது வண்டியும் சாம்பல் துணி போர்த்தி நின்றது. அதே உயரச் சீட்டு. கண்ணாடிக்காரர் ஏறி உட்கார்ந்ததும் முதல் வேலையாகக் கதவுப் பொந்தில் கையை விட்டார். மஞ்சள் துணி கைக்கு வந்தது. தன் கடை முத்திரையைப் பார்த்ததும் அவருக்கு ஒரு பக்கம் ஜெயித்த சந்தோஷம், ஒரு பக்கம் ஆத்திரம். எத்தனை பேர் மூக்கில் அதே லென்ஸை இரண்டு தடவை செருகியிருப்பார்! அவர் மூக்கிலேயே ஒரு கூட்டம் செருகிவிட்டதே.

துணியைத் தூக்கிப் பின்சீட்டுக்குக் காட்டினார். "இது என் துணி. முதல் வண்டியில விட்டது."

நடுநிலை அதிகாரி மணியை விடாமல் அடித்தார். "முதல் வண்டியோட சம்பந்தப்பட்ட பொருளை ரெண்டாவது வண்டிக்குள்ள கொண்டுவந்திருக்கீங்க. இது ஒப்பீட்டைக் கறைப்படுத்தற குற்றம். எறங்குங்க சார்."

"நான் எங்கய்யா கொண்டுவந்தேன்? அது இங்கயே இருந்துச்சு!"

"அது இன்னும் பெரிய குற்றம்."

தலைமை ஒப்பீட்டாளர் அறைக்கு அவரை அழைத்துப்போனார்கள். இரண்டு மேசைகளுக்கு நடுவில் சரிபாதியாக நாற்காலியைப் போட்டு உட்கார்ந்திருந்த பெரிய மனிதர் அவர். மஞ்சள் துணியை ஓர் உறையில் போட்டு ஒட்டி ஓரமாக வைத்தார். கோபப்படவில்லை. தேநீர் வரவழைத்தார், இரண்டு கோப்பை.

"ரெண்டும் ஒரே வண்டிதானே சார்?" என்றார் கண்ணாடிக்காரர்.

"அது வண்டியைப் பத்தின கேள்வி. இது ஒப்பீட்டு மையம்" என்றார் தலைமை ஒப்பீட்டாளர். "இங்க இந்த அஞ்சு மாசத்துல மட்டும் மூவாயிரத்தி நானூறு பேர் ஓட்டிப் பார்த்திருக்காங்க. தொண்ணூத்தி நாலு சதவீதம் பேர் ரெண்டாவதுதான் மேல்னு எழுதியிருக்காங்க. சும்மா இல்ல, காரணத்தோட. ஒரு பேராசிரியர் ரெண்டாவது வண்டியோட பணிவைப் பத்தி மட்டும் ஏழு பக்கம் எழுதினார். அத்தனை பேர் கண்ட வித்தியாசத்தை நீங்க ஒருத்தர் ஒரு துண்டுத் துணியை வெச்சுக்கிட்டு இல்லைன்னு சொன்னா எப்படி? நூத்தம்பது பேர் வேலை செய்யற இடம் சார் இது. வண்டி இருந்தாதான் ஒப்பிடுவோம்னு நாங்க உட்கார்ந்திருந்தா, வண்டி இல்லாத நாள்ல இத்தனை பேரும் என்ன செய்யறது? வண்டி வரும், போகும். ஒப்பீடு நிக்கக் கூடாது."

கண்ணாடிக்காரர் வாயைத் திறப்பதற்குள் வெளியே நாலைந்து மணிகள் ஒரே சமயத்தில் அடித்தன. யாரோ ஓடும் சத்தம் கேட்டது. எல்லோரும் பின்முற்றத்துக்கு ஓடினார்கள்.

சூப்பர்வைசரம்மா பழைய காரிலிருந்து இறங்கி, நடந்து, பின்கேட்டைத் தாண்டி வந்து அந்த வண்டியின் முன்கதவைத் திறந்து நின்றுகொண்டிருந்தார். கைத்தடியைச் சீட்டின் ஓரமாக நட்டுப் பார்த்தார். சிவப்புக் கோடும் சீட்டும் ஒரே மட்டத்தில் இருந்தன. கைத்தடியைக் கதவில் சாய்த்தார். திரும்பி நின்று, பின்பக்கமாகச் சீட்டின் விளிம்பில் உட்கார்ந்து, ஒரு காலை உள்ளே எடுத்து வைத்தார். பிறகு இன்னொரு காலையும். அவ்வளவுதான், பத்து விநாடிகூட ஆகவில்லை. ஒரு கை உதவிக்கு வரவில்லை.

கதவைச் சாத்திக்கொண்டு, எதிரே இருந்த சின்னக் கண்ணாடியில் முகத்தைப் பார்த்துத் தலையைச் சரிசெய்துகொண்டார். பிறகு கணவரைப் பார்த்துச் சிரித்தார். அந்தச் சிரிப்பைக் கண்ணாடிக்காரர் பார்த்து எட்டு மாதம் ஆகியிருந்தது. அவருக்குக் கண் கலங்கிவிட்டது. துடைக்கத் துணிதான் இல்லை, அது உறையில் இருந்தது.

"அம்மா, எறங்குங்க! உட்காரக் கூடாது!" என்று நடுநிலை அதிகாரி மணியோடு சுற்றிச் சுற்றி வந்தார்.

"வண்டியில உட்காரக் கூடாதுன்னு சொல்ற முதல் ஆள் நீங்கதான்" என்றார் சூப்பர்வைசரம்மா. "மணியை உள்ள வைங்க, காது வலிக்குது." தேர்வு அறைக் குரல் அது. மணி நின்றது.

தலைமை ஒப்பீட்டாளர் சமாளிப்பதில் கெட்டிக்காரர். அனுமதியில்லாமல் ஒருவர் உட்கார்ந்தது பதிவாகிவிட்டால் விசாரணை, விளக்கக் கடிதம் என்று இழுக்கும். அதனால் சூப்பர்வைசரம்மாவை அந்த இடத்திலேயே இணை ஒப்பீட்டாளராக நியமித்து, முன்தேதியிட்டு ஓர் அடையாள அட்டை எழுதிக் கொடுத்தார்.

"முறைப்படி நீங்களும் மறதி அறையில உட்காரணும்மா. அது பாக்கியா இருக்கட்டும். எப்ப வேணா வந்து முடிச்சுக்கலாம், இந்த அட்டைக்குக் காலக்கெடு கிடையாது." பிறகு படிவத்தின் கடைசிப் பக்கத்தைக் கண்ணாடிக்காரரிடம் நீட்டினார். "இங்க ஒரு கையெழுத்து. எது மேல், முதலாவதா, இரண்டாவதா?"

"ரெண்டும் ஒண்ணுன்னு எழுதலாமா?"

"அதுக்குக் கட்டம் இல்ல சார்."

பேனாவை வைத்துக்கொண்டு கண்ணாடிக்காரர் நின்றார். வாழ்நாள் முழுக்க அடுத்தவர்களிடம் கேட்ட கேள்வி. ஒண்ணா இருந்தா ஒண்ணுன்னே சொல்லுங்க, தப்பில்ல. வண்டிக்குள் சூப்பர்வைசரம்மா சீட்டின் மெத்தையைத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார். கண்ணாடிக்காரருக்கு எல்லாம் புரிந்துவிட்ட மாதிரி இருந்தது: இரண்டு கம்பெனிக்காரர்களும் ஒரே வண்டிக்கு இரண்டு பெயர் வைத்து விற்கிறார்கள், அதை மறைக்கத்தான் இத்தனை கூத்து. விற்றுவிட்டுப் போகட்டும். எந்தப் பெயரில் வந்தால் என்ன, வரப்போவது இந்தச் சீட்டுதானே?

இருந்தாலும் ஒரு வார்த்தை கேட்டு வைத்தார். "நான் ரெண்டாவதுன்னு போட்டா..."

"ரெண்டாவதுதான் வீட்டுக்கு வரும்" என்றார் தலைமை ஒப்பீட்டாளர் நெஞ்சில் கைவைத்து. "அந்த விஷயத்துல நாங்க நூத்துக்கு நூறு நேர்மை."

நாள் முழுக்கச் சந்தேகப்பட்ட மனுஷன், அந்த ஒரு நிமிஷம் மட்டும் சந்தேகப்படாமல் இருந்துவிட்டார். 'இரண்டாவது வண்டியே மேல்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். கூட நின்ற நடுநிலை அதிகாரி மெல்லக் கைதட்டினார்.

வண்டி மூன்று வாரம் கழித்து ஒரு சனிக்கிழமை மத்தியானம் வீட்டுக்கு வந்தது. சூப்பர்வைசரம்மா காலையிலிருந்தே தயார். நல்ல புடவை, கைப்பையில் புதுச் சீட்டுக்கட்டு. தோழிகளுக்குப் போன் போட்டு, தன் இடத்தில் உட்காருகிறவளை இன்றைக்கு வேறு நாற்காலி பார்த்துக்கொள்ளச் சொல்லியிருந்தார்.

லாரியிலிருந்து இறக்கி, துணியை விலக்கினார்கள். நிறம் பளபளத்தது. டம்ளர் வைக்கும் குழி உள்ளே விளக்குப் போட்டு மின்னியது. சூப்பர்வைசரம்மா முன்கதவைத் திறந்தார். கைத்தடியைச் சீட்டோரம் நட்டார்.

சிவப்புக் கோடு சீட்டுக்கு நாலு விரற்கடை மேலே நின்றது.

கைத்தடியை இன்னொரு முறை எடுத்து வைத்துப் பார்த்தார். கோடு அங்கேயேதான் இருந்தது. கதவைச் சாத்தினார்.

கண்ணாடிக்காரர் மையத்துக்குப் போன் போட்டார். "நாங்க ஓட்டின வண்டி இது இல்ல!"

"நீங்க எழுதினது ரெண்டாவது வண்டி" என்றார் தலைமை ஒப்பீட்டாளர். "இதுதான் சார் ரெண்டாவது வண்டி. புது மாடல், போன வாரம்தான் ஊருக்கே வந்து சேர்ந்துச்சு."

"அப்போ நான் ஓட்டினது?"

"ரெண்டு தடவையும் முதல் வண்டிதான். ரெண்டாவது வர்ற வரைக்கும் அதோட வேலையையும் முதல் வண்டிதான் கூடுதல் பொறுப்பா கவனிச்சுட்டிருந்துச்சு. ஆபீஸ்னா அப்படித்தானே சார்? அஞ்சு மாசமா ஒரு குறையும் வரல."

"இந்த வண்டியை நான் கண்ணாலகூடப் பார்க்கலையே!"

"ஒப்பிட்டுப் பார்த்தேன்னு உங்க கையெழுத்து இருக்கே. இதைப் பார்க்காமலே மேல்னு சொன்னவங்க ஆயிரக்கணக்குல இருக்காங்க சார். போன் பண்ணினது நீங்க ஒருத்தர்தான்."

கண்ணாடிக்காரர் போனை வைத்துவிட்டு வாசல் படியில் உட்கார்ந்தார். "என் தப்பு" என்றார். "ஊருக்கெல்லாம் சொன்னேன், எனக்குச் சொல்லிக்கலை. ரெண்டும் ஒண்ணுன்னு எழுதியிருக்கணும். கட்டம் இல்லைனா கட்டம் போட்டு எழுதியிருக்கணும்." அவருக்கு அழுகையே வந்துவிட்டது.

சூப்பர்வைசரம்மா கைப்பையைத் திறந்து எதையோ தேடினார். சீட்டுக்கட்டுக்குக் கீழே அந்த அடையாள அட்டை இருந்தது. அதை ஒரு தடவை முழுசாகப் படித்தார்.

"ஏங்க, அந்த மறதி ரூம் ஒண்ணே ஒண்ணுதானா?"

"ஒண்ணுதான். எல்லாரும் அது வழியாத்தான் போகணும்."

"ஞாபகம் இருக்கறவங்களை வெளிய அனுப்ப மாட்டாங்கன்னீங்களே?"

"சுவத்துலயே எழுதிப் போட்டிருக்கு."

"நாற்காலி எப்படி?"

"நாற்காலியா? நல்ல உயரம். மெத்துமெத்துன்னு இருக்கும். ஏன்?"

சூப்பர்வைசரம்மா கதவை மறுபடியும் திறந்தார். விழுந்த பிறகு முதல் தடவையாகத் தானே கணவர் பக்கம் கையை நீட்டினார்.

"அந்த ரெண்டு தலையணையையும் எடுத்துட்டு வாங்க. வந்து என்னைப் பிடிச்சு உள்ள உட்கார வைங்க. நாலு நிமிஷம் வீணாக்க இன்னிக்கு நேரமில்ல."

"எங்க போறோம்?"

"எனக்கு அந்த முதல் வண்டி நல்லா ஞாபகம் இருக்கு. இந்த ஜென்மத்துல மறக்கிற மாதிரி இல்ல" என்றார் சூப்பர்வைசரம்மா. "போற வழியில என் ஃபிரண்ட்ஸுக்குப் போன் போட்டுக் குடுங்க. சீட்டாட்டம் இனிமே அங்கதான்னு சொல்லணும்."